மாறியது காடா, படமா?

இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை. சிங்கப்பூரில் உள்ள நம் இயற்கை வனப்பகுதிகளில் மரம், சேறு, நீர் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளப்பது எப்படி? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

சுங்கை பூலோ சதுப்பு நில வனப்பகுதியின் பசுமைக் குறியீட்டைப் பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் கணக்கிட்டேன். அடர்ந்த மரங்கள் உள்ள ஓர் இடத்தில் 2021 பிப்ரவரியில் 0.82 வந்தது. அதே இடத்தில் 2023 பிப்ரவரியில் 0.51. நேரில் போய்ப் பார்த்தால் மரங்கள் அப்படியே நிற்கின்றன. எங்கே தவறினேன்?
ஹரிணி, தொடக்கக்கல்லூரி மாணவி, சுவா சூ காங்

காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தின் எண்களில் 1000 கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களைத் தயாரிக்கும் முறை 2022 ஜனவரி 25ஆம் தேதி மாறியது. அன்று முதல் வரும் கோப்புகளில் ஒவ்வொரு பிக்சலின் (படத்தின் ஒரு சிறு சதுரத்தின்) மதிப்போடும் 1000 சேர்க்கப்பட்டிருக்கும். மிக இருண்ட பரப்புகளில், காற்றுமண்டலத் திருத்தம் செய்த பிறகு மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. அந்த எண்கள் வெட்டுப்பட்டுப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. பயன்படுத்துபவர்தான் 1000ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அண்மை அகச்சிவப்பு, சிவப்பு ஒளி இரண்டின் மதிப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே பசுமைக் குறியீடு. அடர்ந்த மரப் பரப்பில் சிவப்பு 300, அண்மை அகச்சிவப்பு 3000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2700, கூட்டுத்தொகை 3300, வகுத்தால் 0.82. இப்போது இரண்டிலும் 1000 கூட்டுங்கள்: 1300, 4000. வித்தியாசம் அதே 2700தான், ஆனால் கூட்டுத்தொகை 5300 ஆகிவிட்டது. விடை 0.51. உங்களுக்கு வந்த எண்களேதான்.

படம் எடுத்த தேதியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள், அவற்றிலும் 1000 இருக்கும். கோப்பின் பெயரில் 'என்' (N) எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் கழிக்கக் கூடாது. தேவையில்லாத கோப்பில் கழித்துவிட்டால் அதுவும் உடனே தெரிந்துவிடும்: மேலே உள்ள அதே பிக்சலில் குறியீடு 2.08 என்று வரும். 1க்கு மேல் போகவே முடியாத குறியீடு அது. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகல் எர்த் எஞ்சினில் வேலை செய்தால் 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பை எடுங்கள். அதில் ஏற்கெனவே கழித்திருப்பார்கள், நீங்கள் மறுபடி கழித்துவிடாதீர்கள்.

எந்தச் செயல்திட்டமாக இருந்தாலும், தொடங்கும் முன் மாறாத மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்: புக்கிட் தீமா மலையின் அடர்காட்டில் ஒன்று, பெரிய கிடங்கின் கூரை ஒன்று, கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதி ஒன்று. மூன்றும் ஒருசேர மாறினால் மாறியது படம். நீங்கள் அளக்கும் இடம் மட்டும் மாறினால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

வட கரையோரச் சேற்றுப் பரப்பை இரண்டு படங்களில் அளந்தோம். 2019 படத்தைவிட 2024 படத்தில் 12 ஹெக்டர் குறைவு. கடலரிப்பு என்று எழுதலாமா?
தொண்டூழியர் குழு ஒன்று, ஊட்லண்ட்ஸ்

எழுதாதீர்கள். படம் எடுத்த நிமிடத்தில் நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்று முதலில் பாருங்கள்.

சேற்றுப் பரப்பு மிக மெல்லச் சரிவது. 500 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டால், நீர் 10 சென்டிமீட்டர் ஏறும்போது கரைக்கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். 1 கிலோமீட்டர் கரைக்கு அது 5 ஹெக்டர். ஆக, உங்கள் 12 ஹெக்டர் 'இழப்பு'க்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீர்மட்ட வித்தியாசம் போதும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சில நாட்களில் சுமார் 3 மீட்டர் வித்தியாசம் உண்டு. நீர் வேகமாக ஏறும் நடுநேரத்தில் 25 சென்டிமீட்டர் ஏற 20 நிமிடம்தான் பிடிக்கும்.

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. சென்டினல்-2, லேண்ட்சாட் இரண்டுமே எப்போதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், சிங்கப்பூர் நேரப்படி காலை 11 மணியைத் தாண்டி நம்மைக் கடக்கின்றன. கடல் மிக அதிகமாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், அதுவும் விடியற்காலையிலோ மாலையிலோதான். கரையோர உயிரினங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இருட்டோடு கிளம்புவது அதனால்தான். அதே நாட்களில் முற்பகல் 11 மணி வாக்கில் நீர் ஏறி நிற்கும். ஆகவே இந்தச் செயற்கைக்கோள்கள் நம் சேற்றுப் பரப்பு முழுவதும் வெளியே தெரியும் தருணத்தைப் பார்ப்பதே இல்லை எனலாம். எத்தனை ஆண்டுப் படங்களைச் சேர்த்தாலும் அந்தக் கீழ் விளிம்பு கிடைக்காது. 'சேற்றுப் பரப்பின் மொத்த அளவு' என்று அறிக்கையில் எழுதாமல், 'இன்ன நீர்மட்டத்தில் வெளியே தெரிந்த பரப்பு' என்றே எழுதுங்கள்.

செய்யவேண்டியது இது. படத்தின் விவரக் கோப்பில் எடுத்த நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 8 மணி நேரம் கூட்டுங்கள். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் ஏற்றவற்ற அட்டவணையில் அன்றைய உயர்மட்டம், தாழ்மட்டம் இரண்டையும் எடுத்து, இடைப்பட்ட நேரத்துக்குக் கணக்கிடுங்கள். நேர்கோட்டில் கணக்கிடாதீர்கள், தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் ஏறுவதால் சைன் வளைவுதான் சரிப்படும். பிறகு, நீர்மட்டம் 20 சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகும் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். பத்துப் படத்தில் இரண்டு தேறினால் அதிர்ஷ்டம்.

இரண்டு எச்சரிக்கைகள். செம்பவாங்கின் நேரத்தைச் சுங்கை பூலோவுக்கு எடுக்காதீர்கள். 1924இல் திறந்த ஜோகூர் கடற்பாலம் நீரிணையை இரண்டாக மறித்து நிற்கிறது. செம்பவாங் அதற்குக் கிழக்கே, சுங்கை பூலோ மேற்கே. இரண்டாவது, வனப்பகுதிக்கு உள்ளே இருக்கும் குளங்கள் முன்பு இறால் பண்ணைகளாக இருந்தவை. அவற்றில் நீர்மட்டத்தை மதகு வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள். வலசை வரும் கரைப்பறவைகளுக்குச் சேறு தெரிய வேண்டும் என்று நீரை இறக்குவார்கள். அந்தக் குளங்களுக்கு ஏற்றவற்ற அட்டவணை செல்லாது. வெளிக்கரையையும் குளங்களையும் தனித்தனியாக வெட்டி வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள்.

மேகமில்லாத படமே கிடைக்கவில்லை. என்ன செய்வது?
முரளி, ஈசூன்

நிலநடுக்கோட்டுக்கு 1 பாகை சொச்சம் வடக்கே குடியிருந்துகொண்டு முழுத் தெளிவான படம் கேட்பது பேராசை. முழுப் படத்தைத் தேடாமல் தெளிவான பிக்சல்களைத் தேடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையின் வறண்ட பகுதியான பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும்தான் நல்ல அறுவடை. அந்த நாட்களின் எல்லாப் படங்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் மேகத்தையும் நிழலையும் நீக்கி, மிஞ்சிய மதிப்புகளின் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுத்து ஒரே படமாக்குங்கள். சராசரி வேண்டாம், நீக்கத் தவறிய ஒரே ஒரு மெல்லிய மேகம் சராசரியை இழுத்துவிடும். ஒரு பிக்சலுக்கு ஐந்து தெளிவான மதிப்புகளாவது இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

சென்டினல்-2 உடன் வரும் பரப்பு வகைப்பாட்டு அடுக்கில் 3 மேக நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய உயர்மேகம். இந்த நான்கையும் நீக்குங்கள். அந்த அடுக்கு 20 மீட்டர் அளவில் இருப்பதால் மேக விளிம்புகள் தப்பிவிடும். நீக்கும் பரப்பைச் சுற்றிலும் 100 மீட்டர் விரித்துக்கொள்வது நல்லது. இன்னொரு பக்கம், ஈரச் சேற்றை அது நிழல் என்றும், பளிச்சென்ற தொழிற்பேட்டைக் கூரையை மேகம் என்றும் எண்ணிவிடும். வருடம் முழுக்க ஒரே இடத்தில் 'மேகம்' நின்றால் அது மேகமல்ல. முதல் முறையாவது கண்ணால் சரிபாருங்கள்.

புகைமூட்ட மாதங்களைத் தவிருங்கள். 2015 செப்டம்பர், அக்டோபர் படங்களில் நீலமும் சிவப்பும் தூக்கலாக இருக்கும். பசுமைக் குறியீடு பொய்யாகக் குறையும்.

ராடார் வைத்திருக்கும் சென்டினல்-1 மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். அரை ஹெக்டருக்கு மேல் மரம் வெட்டியிருந்தால் அடுத்தடுத்த படங்களில் பொதுவாகத் தெரிந்துவிடும். ஆனால் ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். முந்தைய மழையின் ஈரமே ராடார் எதிரொலியை மாற்றிவிடும். வெட்டியதாகத் தோன்றும் தேதிக்கு முன்னும் பின்னும் நான்கைந்து படங்களின் போக்கைப் பாருங்கள்.

மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியில் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் சில திட்டுகளில் பசுமை குறைந்து பிறகு மீள்கிறது. மரம் நோயா?
சுந்தரி, அப்பர் தாம்சன்

பெரும்பாலும் ரப்பர். பழைய தோட்டங்கள் கைவிடப்பட்டு அப்படியே காட்டோடு கலந்த இடங்களில் ரப்பர் மரங்கள் இன்றும் நிற்கின்றன. வறண்ட பருவத்தில் அவை இலை உதிர்த்துச் சில வாரங்களில் துளிர்க்கும். தோட்டத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், அந்தப் பருவத்தில் பால் எவ்வளவு குறையும் என்று சொல்வார்கள். ஒரே திட்டு, ஒரே மாதம், ஆண்டுக்காண்டு திரும்பினால் அது பருவச் சுழற்சி. அதனால்தான் பிப்ரவரிப் படத்தை ஆகஸ்ட் படத்தோடு ஒப்பிடக் கூடாது என்கிறோம். 2014 பிப்ரவரியின் கடும் வறட்சி போன்ற ஆண்டுகளை அடிப்படை ஆண்டாக வைத்துக்கொள்வதும் வம்பு. அதற்கு அடுத்த எந்த ஆண்டும் 'காடு செழித்தது' என்று காட்டிவிடும்.

மூத்த காட்டையும், அழிந்த பிறகு மறுபடி வளர்ந்த இரண்டாம் நிலைக் காட்டையும் பசுமைக் குறியீட்டால் பிரிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. இலை அடர்த்தி ஓர் அளவைத் தாண்டியதும் குறியீடு 0.8, 0.9 பக்கம் முட்டி நின்றுவிடும்; அதற்கு மேல் எவ்வளவு அடர்ந்தாலும் எண் அசையாது. குறு அலை அகச்சிவப்பைச் சேர்த்துக் கணக்கிடும் ஈரப்பதக் குறியீடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். விதான உயரம், அதாவது மர உச்சிகளின் உயரம், வேண்டுமென்றால் லேசர் அளவீடுதான்.

வனப்பகுதியின் எல்லைக்குள் 2 ஹெக்டர் மரம் குறைந்ததாகக் கணக்கு சொல்கிறது. ஆனால் குறைந்த பிக்சல்கள் எல்லாம் கரையோரமாக ஒரே கோடாக இருக்கின்றன. சந்தேகமாக இருக்கிறது.
ஃபைசல், ஜூரோங் வெஸ்ட்

சந்தேகம் சரி. அது இழப்பல்ல, இடப்பெயர்ச்சி. இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 5 மீட்டர் விலகி உட்கார்ந்தால், 4 கிலோமீட்டர் கரைக்கு 20,000 சதுர மீட்டர் வருகிறது. உங்கள் 2 ஹெக்டர் அதுதான். அரைப் பிக்சல் விலகல் சென்டினல்-2இல் சாதாரணம். எதிர்க்கரையைப் பாருங்கள்: அங்கே அதே அகலத்துக்கு மரம் 'கூடியிருந்தால்' படம் நகர்ந்திருக்கிறது. சாலைச் சந்திப்பு, அணைக்கட்டு மூலை போன்ற பத்து இடங்களை இரண்டு படங்களிலும் குறித்து, விலகலை அளந்து நகர்த்துங்கள். எல்லையிலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளிய பரப்புக்கும் ஒரு கணக்கு எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லைக் கோப்பிலும் கவனம் தேவை. தேசியப் பூங்காக் கழகத்தின் எல்லைகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கின்றன, ஆனால் பாகைக் கணக்கில். பரப்பு அளக்கும் முன் மீட்டர் கணக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆயமுறைகள் உண்டு: உள்ளூர் வரைபடங்களோடு பொருத்த எஸ்விஒய்21, படங்களோடு பொருத்த யூடிஎம் 48 வடக்கு. எதுவானாலும் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, சுங்கை பூலோ 1993இல் திறந்தபோது 87 ஹெக்டர். 2002இல் இயற்கை வனப்பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டபோது 130 ஹெக்டர். அந்தந்தக் காலத்து எல்லையை வைத்து அளந்தால் ஒரு மரம்கூட முளைக்காமலே காடு பெருகிவிடும். இன்றைய எல்லையையே எல்லா ஆண்டுக்கும் வையுங்கள்.

எவ்வளவு பழைய படங்கள் கிடைக்கும்?
தேவி, அங் மோ கியோ

சென்டினல்-2 2015 முதல், 10 மீட்டர் பிக்சல். லேண்ட்சாட் வரிசை 1972இல் தொடங்கியது. 30 மீட்டர் படங்கள் 1980களிலிருந்து. படம் தேடும்போது, நம் தீவு அதன் 125ஆம் பாதை, 59ஆம் வரிசையில் வரும். ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர் என்பதால் 130 ஹெக்டருக்கு 1,444 பிக்சல்தான், சென்டினலில் 13,000. லேண்ட்சாட் 7 படங்களில் 2003 மே 31க்குப் பிறகு கறுப்புக் கோடுகள் இருக்கும். வருடல் திருத்தும் கருவி பழுதானதால் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு காலி. அந்தக் கோடுகளை 'நீர்' என்று வகைப்படுத்திய அறிக்கைகள் உண்டு, நீங்கள் அதில் சேராதீர்கள்.

1972க்கு முந்தைய காலத்துக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த வான்வழிப் படங்கள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைதான், குறியீடு எதுவும் கணக்கிட முடியாது. கண்ணால் பார்த்துக் கோடு வரையலாம். கூகல் எர்த்தின் பழைய படங்களும் அப்படியே, சரிபார்க்க அருமையானவை, அளக்க உதவாதவை. திரையில் தெரியும் தேதி பக்கத்துத் துண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

எல்லாம் திருத்திய பிறகு வரைபடம் '3 ஹெக்டர் மாற்றம்' என்கிறது. இதை அப்படியே அறிக்கையில் போடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்

பிக்சலை எண்ணி வந்த பரப்பு விடையல்ல, விடைக்கான முதல் படி. வரைபடத்தை மாதிரி எடுத்துச் சோதித்தால் எண் எப்படித் திரும்பும் என்று பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு.

மொத்தம் 130 ஹெக்டர். வரைபடப்படி மாற்றம் 3, மாறாதது 127. மாற்றம் என்று காட்டிய பகுதியில் 50 புள்ளிகளையும் மாறாத பகுதியில் 150 புள்ளிகளையும் குலுக்கல் முறையில் எடுக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் தெளிவான படத்தில் பார்த்து முடிவு செய்கிறீர்கள். முதல் வகையில் 40 சரி, அதாவது 80 விழுக்காடு. இரண்டாவதில் 147 சரி, 3 புள்ளிகள் உண்மையில் மாறியவை, அதாவது 2 விழுக்காடு.

இரண்டாவது வகையின் 2 விழுக்காட்டை அலட்சியப்படுத்தத் தோன்றும். ஆனால் அது 127 ஹெக்டரில் 2 விழுக்காடு, 2.54 ஹெக்டர். முதல் வகையில் 3இல் 80 விழுக்காடு 2.4. இரண்டும் சேர்ந்து 4.94 ஹெக்டர். வரைபடம் சொன்னது 3! பிழை எல்லையையும் கணக்கிட்டால் 95 விழுக்காடு நம்பகத்தில் 4.9க்கு மேலும் கீழும் 2.9 வரும். அறிக்கையில் போடவேண்டியது '2 முதல் 8 ஹெக்டருக்குள்' என்பதுதான். இந்த எல்லையைச் சுருக்க வேண்டுமென்றால், மாறாத பகுதியில் புள்ளிகளைக் கூட்டுங்கள். மாற்றம் காட்டிய பகுதியில் இன்னும் 100 புள்ளி வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை, பிழை பெரும்பகுதியும் மற்றப் பக்கத்திலிருந்து வருகிறது. மாறாத பகுதிக்குள்ளும் கரையோரம், பாதையோரம், வனப்பகுதி விளிம்பு என்று மாற வாய்ப்புள்ள இடங்களைத் தனி அடுக்காகப் பிரித்து, அங்கே புள்ளிகளை அடர்த்தியாக வைப்பது இன்னும் சிக்கனம்.

புள்ளியைச் சரிபார்ப்பவர் வரைபடம் என்ன சொன்னது என்று பார்க்காமல் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, முரண்படும் புள்ளிகளைப் பிறகு பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம்.

சரிபார்க்க ட்ரோன் பறக்கவிடலாமா? பாதையை விட்டு உள்ளே போகலாமா?
முகிலன், பொங்கோல்

இரண்டுக்கும் முன் அனுமதி. வனப்பகுதிக்குள் ஆய்வு செய்யவோ பாதையை விட்டு இறங்கவோ தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்க வேண்டும். ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் பறக்கவோ விமானத் தளத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் பறக்கவோ சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை. புக்கிட் தீமா உச்சியே கடல் மட்டத்திலிருந்து 160 மீட்டருக்கு மேல் என்பதை மறக்காதீர்கள். அங்கே தரையில் நிற்கும்போதே 60ஐத் தாண்டிவிட்டீர்கள். வலசைப் பறவைகள் தங்கும் செப்டம்பர் முதல் மார்ச் வரை கரையோரத்தில் பறக்கவிடும் யோசனையையே விட்டுவிடுவது உத்தமம்.

பலகைப் பாதையிலிருந்தே நிறைய சரிபார்க்கலாம். மரங்களுக்கடியில் கைத்தொலைபேசியின் இருப்பிடம் 10 மீட்டர் வரை தவறும், அதாவது ஒரு முழுப் பிக்சல். அதனால் பாதையின் வளைவு, பார்வைக் கோபுரம், மதகு போன்ற, படத்திலும் தெரியும் இடங்களில் நின்று படம் எடுங்கள். எந்தத் திசை நோக்கி எடுத்தீர்கள் என்பதைப் பாகையில் எழுதிக்கொள்ளுங்கள். நேரத்தையும் எழுதுங்கள், கரையோரப் படமென்றால் நேரம் இல்லாமல் நீர்மட்டம் தெரியாது.